எதிர்பார்க்கப்படும் விடை

பாடக் குறிப்பேட்டில் நான்கு கட்டம் போட வேண்டும்.
ஆசிரியர் செயல், மாணவர் செயல்,
கரும்பலகை, மதிப்பீடு.
சிவப்பு மையில் ஓரம். ஸ்கேல் நகர்ந்தால்
பக்கத்தைக் கிழித்து முதலிலிருந்து.
இரவு பதினொன்றரை, விடுதியில் கரண்ட் இல்லை,
செல்போன் வெளிச்சத்தில் எழுதினேன்:
வினா: நீர் எத்தனை டிகிரியில் கொதிக்கும்?
எதிர்பார்க்கப்படும் விடை: நூறு.

முதல் இரண்டு மாதம் எங்களுக்கு நாங்களே பிள்ளைகள்.
முப்பத்திரண்டு வயது சகாயமேரி
கடைசி பெஞ்சிலிருந்து
“டீச்சர், ஒண்ணுக்கு” என்று விரல் நீட்டுவாள்.
அவள் மகன் கூடலூரில் யூகேஜி.
சிரிக்காமல் ஆறு நிமிடம் நடத்தினால்
வினாக்கேட்கும் திறனுக்கு ஏழு மதிப்பெண்.

இப்போது நிஜப் பிள்ளைகள்.
கோத்தகிரி அரசுப் பள்ளி, ஒன்பதாம் வகுப்பு ‘ஆ’,
முப்பத்தேழு பேர்,
உடைந்த கண்ணாடி வழியாக உள்ளே வந்த மூடுபனியையும்
சேர்க்காமல்.
பின்சுவரோரம் நாற்காலியில்
தங்கபுஷ்பம் மேடம், மடியில் மதிப்பீட்டுத் தாள்.
பக்கத்தில் சகாயமேரி, என்னைக் கவனித்து
இரண்டு பக்கம் எழுதித் தர வேண்டியவள்.

தெர்மாமீட்டருக்குக் கையெழுத்துப் போட்டு வாங்கினேன்,
உடைத்தால் இருநூற்றுப் பத்து ரூபாய்.
ஸ்பிரிட் விளக்கு மூன்றாம் குச்சியில் பற்றியது.
“கண்மட்டத்தில் வைத்துப் பார்க்கணும்” என்றேன்.
புஷ்பகாந்தி வந்தாள், முட்டி மடக்கி நின்றாள்.
எண்பது.
எண்பத்தாறு.
தொண்ணூற்று மூன்று.
குடுவை முழுக்கத் தண்ணீர் குதித்தது.
தொண்ணூற்று நான்கு.
பிறகு பாதரசம் அசையவில்லை.
திரியை ஏற்றினேன். அசையவில்லை.
“சரியாப் பாரு.”
மறுபடி முட்டி மடக்கினாள்,
நான் சொல்லித்தந்த அதே கண்மட்டம்.
“தொண்ணூத்தி நாலுதான், டீச்சர்.”

ரித்திஷ் போஜனின் நோட்டில்
விளக்குப் பற்றுமுன்பே நூறு இருந்தது.
பேனாவை மூடி வைத்திருந்தான்.
“தண்ணி தப்பா, புக்கு தப்பா டீச்சர்?”
நான் வாய் திறக்குமுன் பின்னாலிருந்து ஒரு குரல்:
“புக்கு கீழேருந்து வருதுல்ல, அதான்.”
வகுப்பு சிரித்தது. அந்தக் குரலுக்கு
முழு மதிப்பெண் போட எனக்கு அதிகாரம் இல்லை.

எம்.எஸ்சி. வேதியியல், எழுபத்தெட்டு சதவீதம்.
அழுத்தம் குறையக் கொதிநிலை குறையும் சமன்பாட்டை
மூன்றாம் பருவத்தில் வரைபடத்தோடு
பத்து மதிப்பெண்ணுக்கு எழுதியிருக்கிறேன்.
நான்கு மாதமாக விடுதிச் சாம்பாரில்
பருப்பு பல்லில் நறுக்கென்று கடிபடுகிறது.
சமையல்கார அக்காவுக்குச் சோம்பல் என்று
புகார் நோட்டில் எழுதியதும் இதே கைதான்.

“குக்கர் இல்லாட்டி எங்க வீட்லயும்
பருப்பு வேகாது” என்றாள் புஷ்பகாந்தி,
என்னைத் தேற்றுவதுபோல.

கரும்பலகையில் நூறு ஏற்கெனவே இருந்தது,
அழகாக, பெட்டி கட்டி.
அழிக்கவில்லை. அதன் பக்கத்தில் ‘சாத்தூர்’ என்று,
எங்கள் ஊர்ப் பெயரை எழுதினேன்.
கீழே தொண்ணூற்று நான்கு, கோத்தகிரி.
காற்றின் எடையைப் பற்றிப் பேச ஆரம்பித்தபோது
மேடம் கடிகாரத்தைப் பார்த்தார்.
ரித்திஷ் கை தூக்கினான்.
“சாத்தூர்ல நீங்க வச்சுப் பாத்தீங்களா?”
“இல்லை.”
முதல் பெஞ்சில் யாரோ அதையும் எழுதிக்கொண்டார்கள்.
மணி அடித்தது.

நேர மேலாண்மை: குறைவு.
கரும்பலகைக் கையெழுத்து: நன்று.
திட்டமிட்ட விடை பெறப்படவில்லை.
மதிப்பீடு: நடத்தப்படவில்லை.
சகாயமேரியின் தாளில் ஒரே வரி அதிகம்:
தூங்கியவர் ஒருவர், அவருக்கும் காய்ச்சல்.

ராத்திரி அப்பாவுக்குப் போன் போட்டேன்.
தீப்பெட்டி ஆபீஸில் இரவு ஷிப்ட்,
பின்னால் மெஷின் இரைச்சல்.
“நம்ம வீட்ல தண்ணி எத்தனையில்பா கொதிக்கும்?”
“எத்தனையிலயா?”
கொஞ்சம் யோசித்தார்.
“பத்து நிமிஷம் ஆகும்.
சிலிண்டர் புதுசுன்னா ஏழு.”